பதினேழாம் நம்பரைத் தூண்டிலில் வைத்தது பற்றி

திருத்தணி காவல் நிலையத்தில் 15.11.2025 சனிக்கிழமை காலை 11 மணிக்கு உதவி ஆய்வாளர் முன்பு ஆஜரான சுதாகர், வயது 44, தகப்பனார் பெயர் பரசுராமன், அரக்கோணம் சாலை, திருத்தணி என்பவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி அனுராதாவுடன் குடியிருந்து வருகிறேன். என் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை, பஜனைக் கோயில் தெரு. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில், இன்டர்நெட் வழியாகப் பேசும் தொலைபேசிகளைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றும் வேலை பார்த்து வருகிறேன். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. செவ்வாய்க்கிழமை மட்டும் ரயிலில் அலுவலகம் போய் வருவேன்.

11.11.2025 செவ்வாய்க்கிழமை கௌரியம்மாள், வயது 67, என்பவரைப் போலீஸ் என்று சொல்லி ஒருவன் நாலரை மணி நேரம் போனில் மிரட்டி உட்கார வைத்தது சம்பந்தமாக, அவர் மகள் நிர்மலா கொடுத்த புகாரில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதியிருக்கிறது. அந்த நபர் யார் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அவன் நுழைந்த கதவைத் திறந்து வைத்தவன் நான். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்திருக்கிறேன். உதவி ஆய்வாளர் சம்பவத்துக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்லச் சொன்னார். சம்பந்தம் 1997-இல் ஆரம்பிக்கிறது என்று சொன்னேன். சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்.

1997-ஆம் வருடம் கௌரியம்மாளின் கணவர் மணவாளன், திருத்தணியில் ஒரு லாட்ஜை மூடியபோது அங்கிருந்த பழைய இன்டர்காம் பெட்டியை வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் விசைத்தறி ஓட்டுபவர், எலக்ட்ரிக் வேலையும் தெரிந்தவர். அதன் பிறகு மொட்டை மாடிகள் வழியாக ஒயர் இழுத்து எங்கள் தெருவில் இருபத்து நான்கு வீட்டுக்கும் ஒரு போன் வைத்தார். அந்தப் பெட்டி 11 என்ற நம்பரிலிருந்துதான் எண்ணும் என்பதால் தெருவின் முதல் வீடு 11, கடைசி வீடு 34. அவர் வீடு 17. பக்கத்து வீடான 18-இல் கௌரியம்மாளின் தங்கை வள்ளிநாயகி. எங்கள் வீடு 21. தறிச் சத்தத்தில் மணி காதில் விழாது என்று ஒவ்வொரு போனுக்கும் மேலே ஒரு சிவப்பு பல்பு மாட்டினார். பல்பு எரிந்தால் தறியை நிறுத்திவிட்டுப் போய் எடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் தெருவில் ஆட்களுக்குப் பெயர் போய் நம்பர் வந்துவிட்டது. "இருபத்தாறு தறிக்குப் பாவு நூல் எடுக்கப் போயிருக்குது", "பதிமூணுல பொண்ணு பொறந்துருச்சாம்" என்றுதான் பேசுவோம்.

அந்தப் பெட்டியில் ஒரே நேரத்தில் நான்கு ஜோடிதான் பேச முடியும். ஐந்தாவது ஆள் எடுத்தால் எங்கேஜ்டு சத்தம் வரும். ஆகவே மணவாளன் மாமா ஒரு சட்டம் போட்டார். "பேசறவனுக்கு அஞ்சு நிமிஷம். காத்துகினு இருக்கிறவன் ஆறாவது நிமிஷம் போய் கதவைத் தட்டலாம்." இதைக் கறாராக நடத்தினார்கள். யார் வீட்டு வாசலிலாவது நின்று "முப்பது! அஞ்சு நிமிஷம் ஆச்சு, வை!" என்று கத்துவது எங்கள் தெருவில் தினமும் கேட்கும் சத்தம். இந்தச் சட்டத்தை அதிகமாக மீறியவர்கள் என்று பார்த்தால் 21-ம் நம்பரும் 29-ம் நம்பரும்தான். 29-ம் நம்பர் வீட்டு அனுராதாவைத்தான் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். மாமா என் வீட்டு வாசலில் மட்டும் கத்த மாட்டார். மாடி ஏறி என் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார்.

இது சம்பந்தமில்லாதது என்று உதவி ஆய்வாளர் சொன்னதால் இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், அது சம்பந்தம் உள்ளது. கௌரியம்மாள் அத்தை தினமும் பதினொரு மணி வாக்கில் தங்கை வீட்டுக்குப் போய்ப் பேச உட்கார்ந்துவிடுவார். மதியம் 18-இல் சிவப்பு பல்பு எரியும். எடுத்தால் 17-இலிருந்து மாமா, "சோறு போட வர்றியா, இல்ல நானே போட்டுக்கவா?" என்பார். அத்தை "தோ வந்துட்டேங்க" என்று வைத்துவிட்டு, அதன் பிறகும் பத்து நிமிடம் தங்கையோடு பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார். தெருவுக்கே தெரிந்த கதை இது.

2008-இல் ஒரு மழையில் இடி விழுந்து பெட்டி கருகிப்போனது. அப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு பாதிப் பேர் தெருவை விட்டுப் போய்விட்டோம். மணவாளன் மாமா 2022 மார்ச் மாதம் மாரடைப்பில் காலமானார். அத்தை மகள் நிர்மலாவோடு திருத்தணிக்கு வந்து மலையடிவாரத்தில் குடியிருக்கிறார். நிர்மலா கனகம்மாசத்திரத்தில் பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவார்.

2023 ஜூன் மாதம் என் வேலைக்காக வீட்டில் ஒரு பொறி வைத்தேன். எங்கள் தொழிலில் அதை ஹனிபாட் என்பார்கள். எலிப்பொறியில் மசால்வடை வைப்பது போலத்தான். ஒரு கம்ப்யூட்டரை, பூட்டுச் சரியில்லாத ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி வேஷம் போட்டு இன்டர்நெட்டில் உட்கார வைக்க வேண்டும். திருடர்கள் அதில் உள்ள நம்பர்களுக்குப் பாஸ்வேர்டை ஊகித்து நுழைவார்கள். நுழைந்து, அடுத்தவன் செலவில் வெளிநாட்டுக்குப் பேசப் பார்ப்பார்கள். நம் பொறியிலிருந்து வெளியே எந்த அழைப்பும் போகாது. யார், எங்கிருந்து, எந்த வழியாக வருகிறான் என்பதெல்லாம் பதிவாகும். அதை வைத்து நிஜமான எக்ஸ்சேஞ்சுகளைக் காப்பாற்றலாம். வைத்த முதல் நாளே பதினோராயிரம் தடவை கதவைத் தட்டினார்கள். பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, மெஷின்கள்.

பொறி நிஜம் போல இருக்க அதில் நம்பரும் பெயரும் போட வேண்டும். முதலில் ரிசப்ஷன், மேனேஜர், ஸ்டோர் என்று ஏதோ போட்டேன். அதன் பிறகு ஒரு நாள் எனக்கு என்ன தோன்றியதோ, அதையெல்லாம் அழித்துவிட்டு 11 முதல் 34 வரை பஜனைக் கோயில் தெருவைப் போட்டேன். ஒரு பெயர்கூட மறக்கவில்லை. தட்ட வரும் மெஷினுக்கு மேனேஜரும் ஒன்றுதான், மணவாளனும் ஒன்றுதான். எனக்குத்தான் ஒன்றில்லை.

அதை அனுராதா பார்த்துவிட்டாள். 29-க்கு நேரே தன் அப்பா பெயரைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு வள்ளிநாயகி அத்தைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். வள்ளியத்தை என்னைக் கூப்பிட்டு, "அடிச்சா மணி அடிக்குமாடா?" என்று கேட்டார். இது பொறி, பேசுவதற்கு இல்லை என்று விளக்கினேன். "இன்னாடா பொறி? எலிக்கு வெக்கிறியா, எங்களுக்கு வெக்கிறியா?" என்றார். ஒரு வாரம் தினமும் கேட்டார். பிறகு அவர் செல்போனில் ஒரு ஆப் போட்டு 18-ஐ இணைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு 26 கண்ணையன் கேட்டார். அவர் இப்போது திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு மாதத்தில் அம்பத்தூரிலும் திருப்பூரிலும் நகரியிலும் இருக்கிற பதினாறு வீடு உள்ளே வந்துவிட்டது. காசில்லாமல் பேச ஆயிரம் வழி இருக்கும்போது, செல்போனில் பெயரைத் தேடாமல் இரண்டு எண்ணை அழுத்திப் பேசுவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

பொறி வைத்த வீட்டில் ஆள் குடியிருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அது தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெருவுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. இரண்டு வருடமாக அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் நம்பர்களுக்கு எல்லாம் கடினமான பாஸ்வேர்டு போட்டேன். ஆனால் எல்லாக் கதவும் பூட்டியிருந்தால் அது பொறி இல்லை. சில நம்பர்களைத் திறந்து வைக்க வேண்டும். யாருக்கும் தொந்தரவு வராது என்று, காலமானவர்களின் நம்பர்களைத் தேர்ந்தெடுத்தேன். அப்படி ஐந்து. அதில் 17 ஒன்று. அதன் பாஸ்வேர்டு 1717. உதவி ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன்: ஆமாம், வேண்டுமென்றே அப்படி வைத்தேன். செத்தவரை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

2024 தை மாதம் கௌரியம்மாள் அத்தையும் தனக்கு வேண்டும் என்றார். 17 அவர் வீட்டு நம்பர்தான், அதையே பூட்டிக் கொடுத்திருப்பேன். அவர் வேண்டாம் என்றார். "அது அவரு நம்பர்டா. எனக்கு வேற குடு" என்றார். ஆகவே தெருவிலேயே இல்லாத புது நம்பராக 35-ஐக் கொடுத்தேன்.

திறந்து வைத்த நம்பர்களில் நுழைகிறவன் நிஜ வீடுகளுக்கு மணி அடிக்காதபடி ஒரு தடுப்பும் முதலிலேயே போட்டிருந்தேன். 11 முதல் 34 வரை தடுப்பு. 35 பின்னால் வந்தது. அதைத் தடுப்பில் சேர்க்க மறந்தேன். ஏன் மறந்தாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். என் மனதில் அந்தத் தெரு 34-உடன் முடிகிறது. வேறு காரணம் இல்லை.

11.11.2025 அன்று நான் சென்னை அலுவலகத்தில் இருந்தேன். பதிவுகளின்படி காலை 10.20-க்கு ஒருவன் 17-இல் நுழைந்தான். மெஷின் இல்லை, ஆள். முதலில் வெளிநாட்டு எண்கள் நான்கை முயன்று பார்த்தான், போகவில்லை. அதன் பிறகு உள் நம்பர்களை 11-இலிருந்து வரிசையாக அடித்துப் பார்த்தான். எதுவும் போகவில்லை. 10.26-க்கு 35 மணி அடித்தது. அத்தையின் செல்போன் திரையில் '17 மணவாளன்' என்று வந்திருக்கிறது.

10.27-க்கு என் செல்போனுக்கு எச்சரிக்கை வந்தது. 17-இல் பேச்சு நடக்கிறது என்று மட்டும் அதில் இருக்கும். பொறியில் தெரு நம்பர்களுக்கு அப்பால் போலியாக வைத்த சில நம்பர்கள் தானாக எடுத்து 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றோடு பேசி ஏமாந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். ஆள் மாட்டுவது அபூர்வம், அதுவும் இவ்வளவு நேரம். எனக்கு ஒரே குஷி. பக்கத்து மேஜைக்காரரிடம் "மீன் மாட்டியிருக்கு" என்று காட்டினேன். யாரோடு பேசுகிறான் என்று பார்க்க ஒரு தடவை திரையைத் தொட்டால் போதும். தொடவில்லை. எவ்வளவு நேரம் பேசுகிறானோ அவ்வளவு பதிவு நமக்கு என்று ஓடவிட்டேன்.

வள்ளிநாயகி அத்தை பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் மதியம் 12 மணிக்கு அக்காவுக்கு 35-ஐ அடிப்பது வழக்கம். அன்று எங்கேஜ்டு. 12.06-க்கு மறுபடி அடித்திருக்கிறார். பிறகு ஒன்றரை மணிக்கு. பிறகு சாதாரண நம்பருக்கு அடித்தார், எடுக்கவில்லை. 2.05-க்கு எனக்கு அடித்தார். நான் மீட்டிங்கில் இருந்ததால் கட் செய்தேன். அதன் பிறகு கண்ணையனுக்கு அடித்து, "ரெண்டு மணி நேரமா எங்கேஜ்டுடா. அவ யார்கிட்டயும் அவ்ளோ நேரம் பேச மாட்டா. நம்ம தெருவுல இருந்தா நானே போய்த் தட்டியிருப்பேன். நீ போய்த் தட்டு" என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கண்ணையன் மலைமேல் சவாரி போயிருந்தார். இறங்கி வர 2.50 ஆகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததைக் கண்ணையன் சொல்லி அறிந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார், கூப்பிட்டார், ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். அத்தை கட்டிலில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கத்தினாராம்: "பதினேழு! அஞ்சு நிமிஷம் ஆச்சு, வை!" அத்தையின் நம்பர் 35 என்பதுகூட அப்போது அவருக்கு ஞாபகம் இல்லை. அத்தை உடனே போனை வைத்தார். எழுந்து வந்து கதவைத் திறந்தார். திறந்ததும் சாய்ந்தார். அவர் சர்க்கரை நோயாளி, காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கண்ணையன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தார். இப்போது நலமாக இருக்கிறார்.

நான் மூன்றரை மணிக்குத்தான் பதிவைத் திறந்து பார்த்தேன். எந்த ரயிலில் எப்படித் திருத்தணி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பதிவு நாலு மணி முப்பத்தொரு நிமிடம். அதை இன்று உதவி ஆய்வாளர் முன்னிலையில் போட்டுக் காட்டினேன். அந்த ஆள் அரைகுறைத் தமிழும் இந்தியுமாகப் பேசுகிறான். மணவாளன் பெயரில் பார்சல் பிடிபட்டது, போனை வைத்தால் வீட்டில் உள்ளவர்களைக் கைது செய்வோம், பாஸ்புக்கை எடுத்து நம்பரைப் படி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அத்தை எடுக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. இடையிடையே "ஆங்" என்று மட்டும் சொல்கிறார். ஆனால் பதிவின் தொடக்கத்தில், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, போனை எடுத்ததும் அவர் சொல்லும் வார்த்தை இருக்கிறது. "தோ வந்துட்டேங்க." அந்த இடத்தை உதவி ஆய்வாளர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்.

13.11.2025 அன்று மருத்துவமனையில் அத்தையைப் பார்க்கப் போனேன். நிர்மலா காபி வாங்கக் கீழே போயிருந்தார். ரொம்ப பயந்துவிட்டீர்களா அத்தை என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"பயம் இன்னாடா பயம்? அவன் திருடன்னு மொத வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு. டிவில தினம் காட்டுறானே. அவன் பாட்டுக்குக் கத்திகினு இருந்தான். நான் பேரைப் பார்த்துகினு இருந்தேன். வெச்சா பேரு போயிடும் இல்ல? மூணு வருசம் கழிச்சு வந்துச்சுடா. யாராச்சும் வந்து பேச்சுக் குடுப்பாங்கன்னு கதவைக்கூட நான்தான் தாழ் போட்டேன். அப்பறம் கண்ணையன் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னான். சரி, அவரு போட்ட சட்டம், மீறக் கூடாதுன்னு வெச்சேன்."

அதன் பிறகு, "பதினேழு அப்படியே இருக்குது இல்ல? எடுத்துடாத" என்றார். இருக்கிறது அத்தை என்று சொன்னேன். அது பொய். 11-ஆம் தேதி மாலையே அந்த நம்பரை நான் மூடிவிட்டேன்.

பொறி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்த ஆளின் குரல், அவன் வந்த வழி, முயன்ற எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கம்ப்யூட்டரையும் பதிவுகளையும் இன்று நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். இதில் என் நிறுவனத்துக்கோ, தெருக்காரர்கள் யாருக்குமோ எந்தப் பொறுப்பும் இல்லை. தெருவை உள்ளே விட்டவனும், 35-ஐ மறந்தவனும், நாலரை மணி நேரம் ஓடவிட்டு வேடிக்கை பார்த்தவனும் நான் ஒருவன்தான். என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. மாமாவின் நம்பரைத் தூண்டில் புழுவாக வைத்தது நான் என்பதும், அதை மூடிவிட்டேன் என்பதும் அத்தைக்கு இன்னும் தெரியாது. இந்த வாக்குமூலம் வழியாகவோ வேறு யார் வாயிலாகவோ அவருக்குத் தெரிவதற்கு முன்பு, நானே நேரில் போய்ச் சொல்ல ஒரு நாள் அவகாசம் வேண்டும். இதெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். இதைச் சொல்லத்தான் வந்தேன், மற்றதெல்லாம் பதிவிலேயே இருக்கிறது என்று சொன்னேன். அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். அதன் பிறகு எழுதிக்கொண்டார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை, நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் சுயநினைவோடு சொன்னது என்றும், இதில் உள்ள ஒவ்வொன்றும் நடந்தது நடந்தபடி என்றும் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

ப. சுதாகர்
15.11.2025